யாரும் இல்லாத அறையின் ஈரம்

யோஹென் அந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று முதலில் செய்த காரியம் ஜன்னல்களைத் திறந்ததுதான். பெட்டிகள் வாசலிலேயே கிடந்தன. காபிக் கெண்டி எந்தப் பெட்டிக்குள் போனது என்று தெரியவில்லை. வண்டிக்காரர்கள் கட்டிலின் கால் ஒன்றை வழியில் எங்கோ தொலைத்துவிட்டு அசட்டுச் சிரிப்புச் சிரித்தார்கள். அதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எஸ்லிங்கன் ஊரில் பிறந்தவன் எவனும் வீட்டுக்குள் நுழைந்ததும் எதிரெதிர் ஜன்னல்களை விரியத் திறப்பான். பழைய காற்றை விரட்டி, நெக்கர் ஆற்றுக் குளிரை உள்ளே விட்டு, பல் கிட்டிக்க நின்று, பிறகு இழுத்துச் சாத்துவான். கொட்டும் பனியிலும் நாளுக்குச் சில தடவை இந்தச் சடங்கு நடந்தாக வேண்டும்.

யோஹெனுக்கு அது பிழைப்பும்கூட. வீட்டுக்குள் எவ்வளவு ஈரம் இருக்கலாம், எவ்வளவு சூடு வேண்டும் என்று ஊராருக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் அவன் உத்தியோகம். யார் வீட்டுச் சுவரில் பூஞ்சை பூத்தாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். அவனும் போய், காற்றின் ஈரத்தை அளக்கும் ஈரமானியைச் சுவரருகே நீட்டிப் பார்த்து, தலையை ஆட்டிக்கொண்டு, பெரும்பாலும் ஒரே தீர்ப்பைச் சொல்லிவிட்டு வருவான்: நீங்கள் சரியாக ஜன்னல் திறப்பதில்லை. அந்த ஊரில் ஒரு குடும்பத்தைப் பார்த்து அதைவிடக் கேவலமாக ஒன்றும் சொல்லிவிட முடியாது. சுவரில் பூஞ்சை என்றால் சோம்பேறி, அழுக்கு, வளர்ப்பு சரியில்லை என்று அர்த்தம்.

"வந்துட்டாருய்யா ஜன்னல் யோஹென்!" வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. இலை வாருகிற விளக்குமாறோடு பக்கத்து வீட்டு ஓர்ட்வின் நின்றுகொண்டிருந்தார். அறுபதைத் தாண்டியவர், அந்த வீட்டிலேயே பிறந்து அங்கேயே முடி நரைத்தவர். "இனிமே எங்க தெருவுல ஒருத்தன் ஜன்னலை முழுசாத் திறக்காம அரைகுறையா சாய்ச்சு வைக்க முடியாது போலிருக்கே! போலீஸே குடிவந்தாச்சு."

"உங்க குளியலறை ஜன்னல் இப்பவே சாய்ஞ்சுதான் இருக்கு, ஓர்ட்வின் சார்."

"அடேங்கப்பா! கண்ணு கண்ணு!" என்று சிரித்தார். பிறகு வீட்டின் பின்பக்கம் எட்டிப் பார்த்தார். "அந்தப் பின்ரூமை என்ன செய்யப்போறீங்க?"

"என் பொண்ணுக்கு."

ஓர்ட்வின் ஏதோ சொல்ல வாயெடுத்து, குனிந்து இலை வாரத் தொடங்கிவிட்டார்.

யோஹெனுக்கும் ஹைகேக்கும் மணமுறிவாகி ஓராண்டு ஆகியிருந்தது. மகள் மெர்லே தாயோடு ஆற்றுக்கு அக்கரையில், புதிதாகக் கட்டிய அடுக்குமாடியில் இருந்தாள். ஒன்பது வயது. குளிர் காலம் வந்தால் அவளுக்கு மூச்சு இழுக்கும். யோஹெனுக்கு இதுவரை கிடைத்தது மாதத்தில் ஓரிரு சனி ஞாயிறுதான். ஒழுங்கான வீடு ஒன்றைப் பிடித்தால், பிள்ளைக்கு அங்கே மூச்சுத் தொந்தரவு வராது என்று தெரிந்தால், ஒரு வாரம் இங்கே ஒரு வாரம் அங்கே என்று விடச் சம்மதம் என்று ஹைகே சொல்லியிருந்தாள். கிறிஸ்துமஸுக்கு முன்னால் வந்து அறையைப் பார்ப்பாள். அவன் எதிர்பார்த்துக்கொண்டிருந்த ஒரே விஷயம் அதுதான். பின்னறைக்கு இளமஞ்சள் பூசினான், புதுக் கட்டில் போட்டான், புது மெத்தை வாங்கினான்.

மெத்தையில் இன்னும் யாரும் படுத்திருக்கவில்லை.

இருந்தும் சில நாளிலேயே அந்த அறையில் வைத்த ஈரமானி ஏறத் தொடங்கியது. சாயங்காலம் அறையைக் காற்றோட விட்டு, ஐம்பது சதவீதத்துக்குக் கீழே இறங்கியதைத் தன் கண்ணால் பார்த்து, கதவைச் சாத்திவிட்டுப் போவான். விடிந்ததும் வந்து பார்த்தால் எழுபதைத் தாண்டியிருக்கும். கண்ணாடியில் நீர் கோத்து வழியும். பகலில் தானாகவே இறங்கிவிடும்.

முதலில் பின்னால் இருந்த மலைச்சரிவைச் சந்தேகப்பட்டான். கசிவு என்றால் பகலென்றும் இரவென்றும் பார்க்காது. குழாய் உடைந்திருந்தாலும் அப்படித்தான். இருட்டினால் ஏறி விடிந்தால் இறங்குகிற ஈரத்தை ஆயிரம் வீட்டில் பார்த்தவன் அவன். ஓர் ஆள் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிற அறையில்தான் அப்படி ஏறும்.

வாசனை ஒன்றும் இருந்தது. பூஞ்சை நாற்றம் என்றால் அவனுக்கு மனப்பாடம். இது வேறு. வெகுநாள் படுக்கையில் கிடந்தவர் தலையணையின் எண்ணெய்ப் பிசுக்கு, அதன்மேல் நெஞ்சில் தடவுகிற கற்பூரத் தைலத்தின் காட்டம். ஜன்னலைத் திறந்தால் போய்விடும், சாத்தியதும் வந்துவிடும்.

பிறகு சுவரில் பூத்தது.

கட்டிலின் தலைமாட்டில், தலையணைக்குச் சற்று மேலே, ஒரு கறுப்பு வட்டம். தொட்டுப் பார்த்தான். நனைந்திருந்தது, வெதுவெதுப்பாகவும் இருந்தது. வெளிச்சுவர் வெதுவெதுப்பாக இருக்கவே கூடாது.

யோஹெனுக்குப் பயத்துக்கு முன்னால் வந்தது வெட்கம். காது வரைக்கும் சூடேறியது. சே, ஜன்னல் யோஹென் வீட்டிலேயே பூஞ்சையா! யாராவது பார்த்தால்? அறையில் ஒருவரும் இல்லை என்று தெரிந்தும் சட்டென்று திரைச்சீலையை இழுத்துவிட்டான்.

பூஞ்சை மருந்து வாங்க உள்ளூர்க் கடைக்குப் போகவில்லை. ரயிலேறி ஷ்டுட்கார்ட்டுக்குப் போனான். போதாத காலம், கல்லாவில் வரிசையில் நிற்கும்போது பின்னால் அலுவலகத்துக் கணக்கர். "என்ன யோஹென், உங்களுக்கே மருந்தா?" என்று கேட்டு அந்த ஆள் கண்ணடிக்க, "ஒரு குடித்தனக்காரங்களுக்கு" என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டான். வீட்டுக்கு வந்து, புட்டியை உருளைக்கிழங்குப் பைக்கு அடியில் ஒளித்தான். திருடன்கூட இத்தனை கூச்சப்பட மாட்டான்.

துடைத்தான். மறுபடி பூத்தது. பூஞ்சையை மறைக்கும் வெள்ளையை அடித்தான். வெள்ளைக்கு மேலேயே பூத்தது, இன்னும் அகலமாக. கடைசியில், எந்த வீட்டிலும் எவரும் செய்யக் கூடாது என்று தொண்டை கிழியச் சொல்லிவந்தானோ அதையே செய்தான். கட்டிலை எதிர்ப்பக்கம் தள்ளிவிட்டு, கனத்த துணி அலமாரியைக் கொண்டுவந்து வெளிச்சுவரோடு ஒட்டி, வட்டத்துக்கு முன்னால் நிறுத்தினான். அப்படி வைத்தால் பின்னால் காற்று போகாது, ஈரம் தங்கும், சுவர் அழுகும். எல்லாம் தெரியும். தெரிந்தேதான் வைத்தான்.

அந்த வாரம் ஓர் இளம் தாய் வீட்டுக்கு அவனை அனுப்பினார்கள். குழந்தை தூங்கும் மூலையில் பூஞ்சை. அவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, "நான் திறக்கிறேன் சார், சத்தியமா தினமும் திறக்கிறேன்" என்றாள். முன்பெல்லாம் இப்படிச் சொன்னவர்களை அவன் நம்பியதே இல்லை. இவளை நம்பினான். ஆனாலும் பழக்கப்பட்ட அதே வார்த்தைகளைத்தான் வாய் சொன்னது. மாடிப்படி இறங்கும்போது தன் முகத்தில் தானே காறித் துப்பிக்கொள்ளலாம் போலிருந்தது.

மெர்லே அந்த வீட்டில் வந்து தங்கிய முதல் சனிக்கிழமை பருப்பும் ஷ்பெட்ஸ்லே நூடுல்ஸும் சமைத்தான். பிள்ளை வயிறார உண்டது, அறை பிடித்திருக்கிறது என்றது. காலையில் கையில் பிரெட்சல் ரொட்டியை வைத்துக்கொண்டு, தின்னாமல் உட்கார்ந்திருந்தது.

"அப்பா, என் ரூம்ல இன்னொருத்தி இருக்கா."

"என்ன?"

"அலமாரிக்குப் பின்னாடி. மூச்சு விடறா. எனக்கு இழுக்குமில்ல, அதே மாதிரி. நான் இழுத்தா அவளும் இழுக்கறா."

"பழைய வீடுடா கண்ணு. மரம் சத்தம் போடும்."

"மரம் இல்லப்பா." மெர்லே குரலைத் தாழ்த்தினாள். "யாராவது வந்தா மூச்சை அடக்கிக்கறா. நீ வந்து போர்த்திவிட்டியே, அப்பக்கூட அடக்கிக்கிட்டா. பாவம், ரொம்ப வெட்கப்படறா."

பிள்ளையை வாரியெடுத்துக்கொண்டு யோஹென் அந்த நிமிடமே வீட்டை விட்டு வெளியேறியிருக்க வேண்டும். அவன் என்ன செய்தான் தெரியுமா? பிரெட்சலில் வெண்ணெய் தடவிக் கொடுத்தான்.

"அம்மாகிட்ட இதெல்லாம் சொல்லி பயமுறுத்த வேண்டாம், என்ன?" என்றான். "நீ இங்க வாரம் விட்டு வாரம் வரணுமில்லையா?"

மெர்லே அவனையே பார்த்தாள். பிறகு தலையாட்டினாள். பிள்ளையின் அந்தப் பார்வையை அவனால் தாங்க முடியவில்லை. எழுந்துபோய்க் கழுவிய தட்டையே திரும்பக் கழுவினான்.

அவளைத் தாயிடம் விட்டுவிட்டு வந்து, நேரே வேலியருகே போனான். ஓர்ட்வின் ரோஜாச் செடிகளுக்குக் குளிருக்காகக் கோணி சுற்றிக்கொண்டிருந்தார்.

"அந்தப் பின்ரூமைப் பத்தி அன்னிக்கு ஏதோ சொல்ல வந்தீங்க."

"நானா? இல்லையே."

"ஓர்ட்வின் சார், என் பொண்ணு அங்க தூங்கறா."

கிழவர் கோணியைக் கீழே போட்டார். வழக்கமான கேலி முகத்தில் இல்லை.

"நான் சின்னப் பையனா இருக்கும்போது அங்க ஒரு குடும்பம் இருந்துச்சு. கடைசிப் பொண்ணு ரோஸ்விதா. நெஞ்சு நோய். மூத்தவளுக மூணு பேரும் கல்யாணத்துக்கு நிக்கறாளுங்க, வீட்டுல இப்படி ஒரு நோய்னு தெரிஞ்சா எவன் வருவான்? அவ ஃப்ரைபூர்க்ல அத்தை வீட்டுல படிக்கறான்னு ஊர்ல சொன்னாங்க. அவ அந்த ரூம்லதான் கிடந்தா."

"யாருக்கும் தெரியாதா?"

"தெரியும்" என்றார் ஓர்ட்வின். "இந்தத் தெருவுல எல்லாரும் பொழுது விடிஞ்சா ஜன்னல் திறப்பாங்க. அந்த ஒரு ஜன்னலை மட்டும் திறக்கவே மாட்டாங்க, இருமல் வெளிய கேட்டுடும்னு. தெரியாம எப்படி இருக்கும்? கண்ணாடியில ஒரு வட்டம் பனி படியும், மறையும், மறுபடி படியும். நான் அதைப் பாத்துக்கிட்டே நிப்பேன். எங்கம்மா தலையைப் பிடிச்சுத் திருப்பிவிடுவா, அந்தப் பக்கம் பாக்காதடான்னு. நாங்க யாரும் போய்க் கேக்கல. ஒரு நாள் காலையில அந்த ஜன்னல் விரியத் திறந்து கிடந்துச்சு. அவ போயிட்டான்னு அப்பவே எல்லாருக்கும் புரிஞ்சுபோச்சு."

மூக்கைச் சிந்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவர் வீட்டுக் குளியலறை ஜன்னல் சாத்தப்படும் சத்தம் கேட்டது.

ஹைகே வந்தது அடுத்த வாரம், ஒரு மத்தியானம். அன்று காலையிலிருந்தே யோஹென் ஜன்னலைத் திறப்பதும் சாத்துவதுமாக இருந்தான். கற்பூர வாசனை போகக் காபிக் கொட்டையை வறுத்தான். அலமாரியை ஒரு தடவை இன்னும் நெருக்கித் தள்ளினான்.

"ஐஸ் பெட்டி மாதிரி வச்சிருக்கியே!" ஹைகே கோட்டைக் கழற்றாமலே உள்ளே வந்தாள். "நீ மாறவே மாட்டே, யோஹென்."

மெர்லே தாயின் கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தாள். பின்னறையை ஹைகே நிதானமாகப் பார்த்தாள். மெத்தையை அழுத்தினாள், கட்டிலுக்கு அடியில் குனிந்தாள். ஈரமானி நாற்பத்தைந்து காட்டியது. எல்லாம் கச்சிதம்.

அப்போது ஜன்னல் கண்ணாடியில் பனி படிந்தது.

ஒரு சின்ன வட்டம். மெர்லேயின் வாய் உயரத்தில்.

மெர்லே ஜன்னலருகே இல்லை.

வட்டம் மறைந்தது. மறுபடி படிந்தது.

யோஹென் நகர்ந்து கண்ணாடியை முதுகால் மறைத்துக்கொண்டான். சட்டைக்குள் வெதுவெதுப்பாக, ஈரமாக, ஒரு மூச்சு பட்டது.

அவன் சிரித்தபடியே நின்றான்.

மெர்லேக்கு இழுக்க ஆரம்பித்தது. ஒவ்வொரு இழுப்புக்கும் பின்னால், ஒரு கணம் தள்ளி, இன்னொன்று கேட்டது.

"இந்த அலமாரி ஏன் சுவரோட ஒட்டி இருக்கு?" ஹைகேயின் குரல் மாறியிருந்தது.

"இடம் பத்தல."

"அவ்வளவு இடம் கிடக்குதே! இப்படி வைக்கக் கூடாதுன்னு நீதானே ஊருக்கெல்லாம் சொல்றே? பின்னாடி என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல."

"நகர்த்து."

"ஹைகே, கனமா இருக்கு, பிள்ளை பயப்படும்..."

"நகர்த்து, யோஹென்."

அவன் அசையவில்லை. கழுத்து, காது, கன்னம் எல்லாம் எரிந்தன. மகள் தன்னைப் பார்க்கிறாள் என்று தெரிந்தது. நிமிர்ந்து பார்க்கத் துணிவில்லை. ஹைகே பையைக் கீழே வைத்துவிட்டு, அலமாரியின் ஓரத்தைப் பற்றித் தானே இழுத்தாள். தரை கீச்சிட்டது. அலமாரி ஒரு முழம் நகர்ந்தது. பின்னால் எட்டிப் பார்த்தாள்.

மெதுவாக நிமிர்ந்தாள்.

"என்னை மன்னிச்சுடு" என்றாள்.

யோஹெனும் எட்டிப் பார்த்தான். சுவர் வெள்ளை வெளேரென்று இருந்தது. வட்டமும் இல்லை, ஈரமும் இல்லை. தடவிப் பார்த்தான், சுண்ணாம்பு கையில் ஒட்டியது. ஒரு வெளிச்சுவர் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி, உலர்ந்து, குளிர்ந்து இருந்தது.

"நீ எதையோ மறைக்கறேன்னு நினைச்சுட்டேன்" என்றாள் ஹைகே. "என் புத்தியைச் செருப்பால அடிக்கணும். எவ்வளவு சிரத்தையா வச்சிருக்கே!"

உண்மையைச் சொல்ல அதுதான் சமயம். நேற்று வரை இங்கே கறுப்பாக இருந்தது என்று ஒரு வாக்கியம் போதும். அவனோ அந்த மன்னிப்பை வாங்கி வைத்துக்கொண்டு, "பரவால்ல, விடு" என்று பெருந்தன்மையாகச் சொன்னான். சொன்ன வாய் கசந்தது. மெர்லே தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கு இழுப்பு நின்றிருந்தது. அறையில் வேறு மூச்சும் கேட்கவில்லை.

புத்தாண்டு பிறந்ததும் வாரம் விட்டு வாரம் விடுவது என்று வாசலிலேயே பேசி முடித்தார்கள். தாயும் மகளும் சரிவில் இறங்கிப் போவதை அவன் முன்னறை ஜன்னலிலிருந்து பார்த்தான். நல்ல குளிர். பேசப் பேச ஹைகேயின் வாயிலிருந்து வெள்ளையாக ஆவி எழுந்து கலைந்தது. பக்கத்தில் மெர்லேயிடமிருந்து சின்னதாக ஒன்று.

மெர்லேக்கு அந்தப் பக்கம், அவள் வாய் உயரத்தில், மூன்றாவதாக ஒன்று.

யோஹென் ஜன்னல் கைப்பிடியைப் பற்றினான். திறந்து ஒரு சத்தம் போட்டிருக்கலாம். மெர்லே இடக்கையை லேசாக நீட்டிக்கொண்டு நடந்தாள், யாருக்கோ பிடிக்கக் கொடுத்தது போல. மூன்று ஆவிகளும் திருப்பத்தைத் தாண்டி மறையும் வரை அவன் கை கைப்பிடியிலேயே இருந்தது.

அதன் பிறகு வீடு சொன்னபடி கேட்டது. ஈரம் ஏறவில்லை, வாசனை வரவில்லை. அவன் நிம்மதியாகத் தூங்கினான். தூங்க முடிகிறதே என்பதை நினைத்து ஒவ்வொரு காலையும் கூசினான்.

கிறிஸ்துமஸ் முடிந்த மறுவாரம் ஹைகே போன் செய்தாள்.

"சிரிக்காதே, உன் உத்தியோகத்துக்கு வேலை வந்திருக்கு. மெர்லே ரூம் ஜன்னல்ல காலையில தண்ணியா வழியுது. கட்டிலுக்குத் தலைமாட்டுல கறுப்பா ஏதோ வருது. புத்தம் புது வீடு, யோஹென்! எனக்கு வெளிய சொல்லவே கூச்சமா இருக்கு."

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். "மெர்லே எப்படி இருக்கா?"

"ராத்திரியில இழுப்பு அதிகமாயிருக்கு. ரெண்டு பேருக்கு இழுக்கற மாதிரி சத்தம். டாக்டர் குளிர் காலம்தானேங்கறார். இப்ப சிநேகிதியோட நீச்சலுக்குப் போயிருக்கா. நான் அவ ரூம்லதான் நிக்கறேன். என்ன செய்யணும், சொல்லு."

அவளை அங்கே தூங்க விடாதே என்று சொல்ல வேண்டும். சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்பாள். அலமாரிக்குப் பின்னால் இருந்தது, பிள்ளையின் வாயை மூட வைத்தது, மூன்றாவது மூச்சு அவர்களோடு போனதைப் பார்த்துக்கொண்டு நின்றது எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்கும். அதற்குப் பிறகு மெர்லேயை அவனிடம் ஒரு மணி நேரம்கூட விட மாட்டாள். விடவும் கூடாது.

"புதுக் கட்டடம்ல" என்றான். தொழில்காரனின் நிதானமான குரல் தானாகவே வந்துவிட்டது. "கான்கிரீட்ல இருக்கற தண்ணி காய ஒண்ணு ரெண்டு வருஷம் ஆகும். எல்லா வீட்லயும் நடக்கறதுதான்."

"அப்பாடா! நீ சொன்னா சரி. நான் என்னென்னமோ நினைச்சுட்டேன்."

"ஹைகே, கேளு... ஒரு விஷயம்..."

"இரு இரு, சூப் பொங்குது!" போனை மேஜையில் வைக்கிற சத்தம் கேட்டது. காலடிகள் தூரப் போயின.

மெர்லேயின் அறை அமைதியாக இருந்தது.

பிறகு யாரோ மூச்சை இழுத்தார்கள். போனுக்கு மிக அருகில்.

ஈரமான, சிரமமான மூச்சு. அடங்கியது. மறுபடி வந்தது. அதன் நடுவே, எத்தனையோ காலமாகப் பேசியே பழகாத ஒரு சின்னப் பெண்ணின் குரல், கெஞ்சுவது போல:

"சொல்லிடாதீங்க."

காலடிகள் திரும்பி வந்தன.

"ம், இருக்கியா?" என்றாள் ஹைகே. "ஏதோ சொல்ல வந்தியே, என்ன?"

"ஒண்ணுமில்ல" என்றான் யோஹென்.